ஆடித் தள்ளுபடிச் சேலையில் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு விலை: கடைமீது புகார் செய்யலாமா?

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி விற்பனையில், 3,200 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த சேலை ஒன்றை 40 சதவீதத் தள்ளுபடி போக 1,920 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். திண்டுக்கல்லில் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளியபோது, பாதி உரிந்த இடத்தில் அதே கடையின் பெயரோடு 1,850 ரூபாய் என்ற இன்னொரு ஸ்டிக்கர் தெரிந்திருக்கிறது. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டபோது, தளத்தைக் கவனிக்கும் சூப்பர்வைசர் பில்லின் அடியில் இருக்கும் ‘தள்ளுபடியில் விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டி அனுப்பிவிட்டார். எழுபது ரூபாய்க்காக வழக்குப் போடுவது அறிவீனமா என்றும், அதற்கிடையில் அம்மா அந்தச் சேலையை உடுத்திக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி எழுபது ரூபாயைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, கடை செய்தது சட்டப்படி தவறா, தவறென்றால் அதைத் தனி ஒருவரால் நிரூபிக்க முடியுமா என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாகத் தென் மாவட்டங்களின் நுகர்வோர் ஆணையங்களில் வழக்காடி வருகிறேன். பெரும்பாலும் வாங்கியவர்கள் பக்கமும், சில சமயம் கடைக்காரர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன். கடைப் பக்கம் நின்றதால், இத்தகைய புகார் வந்தவுடன் அவர்கள் முதலில் எதைத் தேடுகிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும். உங்கள் பில்லையோ ஸ்டிக்கரையோ நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த எழுபது ரூபாய்க் கணக்கை விட்டுவிடுங்கள். 1,920 ரூபாய் அந்தச் சேலைக்கு நியாயமான விலையா என்பது இங்கே கேள்வி இல்லை. கடைக்காரர் தன் சரக்குக்குத் தான் விரும்பும் விலையை வைக்கலாம், 5,000 ரூபாய் என்று வைத்து விற்றாலும் அதற்காக மட்டும் நுகர்வோர் ஆணையம் தலையிடாது. ஆனால் 40 சதவீதம் தள்ளுபடி என்று எழுதும்போது அவர் விலையோடு சேர்த்து ஒரு செய்தியையும் உங்களிடம் சொல்கிறார்: இந்தச் சேலை வழக்கமாக 3,200 ரூபாய்க்கு விற்பது, உங்களுக்கு 1,280 ரூபாய் மிச்சம் என்கிறார். அந்தச் செய்தியை நம்பித்தான் நீங்கள் திண்டுக்கல்லிலிருந்து பேருந்து ஏறிப் போயிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் பக்கத்துக் கடையில் விசாரிக்காமல் வாங்கியிருக்கிறீர்கள். அந்தச் செய்தி பொய்யா மெய்யா என்பதே உங்கள் வழக்கு.

இதைச் சட்டம் நேரடியாகவே தொடுகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தன் 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவில், நேர்மையற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்று விரிவாகச் சொல்கிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது அல்லது விற்கப்படுகிறது என்பது குறித்துப் பொதுமக்களைக் கணிசமாகத் தவறாக வழிநடத்துவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமலிருப்பதும், நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவிலும் சரக்கு வைத்திருக்காமல் ஆளை மட்டும் கடைக்கு இழுப்பதும் அதே பட்டியலில் தனியாக இருக்கின்றன. அதே பிரிவின் 28ஆம் உட்பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு விளக்கம் தருகிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதற்குள் அடங்கும். இவை புதிய சிந்தனைகள் அல்ல. இப்போது நடைமுறையில் இல்லாத முற்றுரிமை வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தத்திலேயே இந்தக் கருத்து வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த லக்கன்பால் நேஷனல் என்ற நிறுவனத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரியாகத் தோன்றும் வாசகம்கூடச் சாதுரியமான சொல்லாடலால் படிப்பவரைத் தவறாக வழிநடத்தக்கூடும்; அந்த விளம்பரம் சாதாரண மனிதரின் மனத்தில் என்ன எண்ணத்தை உண்டாக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆக, 3,200 ரூபாய் என்பது தள்ளுபடிக்காக உயர்த்தி ஒட்டிய விலை என்று நிரூபணமானால், அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் நிரூபணத்தில்தான் தொடங்குகிறது. ‘வழக்கமாக விற்கும் விலை’ என்றால் எத்தனை நாள் விற்றிருக்க வேண்டும், எத்தனை பேருக்கு விற்றிருக்க வேண்டும் என்று நம் சட்டம் வரையறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடியை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அத்தகைய விதி நம்மிடம் இல்லாததால், ஆனி மாதத்தில் பத்து நாள் 3,200 ரூபாய் என்று அலமாரியில் வைத்திருந்தோம், இரண்டு சேலை அந்த விலைக்குப் போயின என்று கடை சொன்னால், அது போதுமா போதாதா என்பது ஆணையத்தின் மதிப்பீட்டுக்கு விடப்படுகிறது. இந்த இடத்தில் நிச்சயமாக வெல்வீர்கள் என்று எந்த வழக்கறிஞராவது உறுதி சொன்னால், அவரிடம் இன்னொரு முறை யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைகளுக்கு ஒரு நியாயமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். ஆடியில் திருமணங்கள் இல்லை, ஜவுளிக் கடையில் கூட்டம் குறையும், தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கு இடத்தைக் காலி செய்தாக வேண்டும். ஆடிக் கழிவு என்ற வழக்கம் வந்ததே அதனால்தான். இன்றும் தேங்கிய சரக்கை உண்மையாகவே விலை குறைத்துத் தள்ளும் கடைகள் இருக்கின்றன. இன்னொரு புறம், தள்ளுபடிக்கென்றே தனியாக நெய்து வாங்கி, ஆடி முதல் தேதியன்று முதன்முதலாக அலமாரிக்கு வரும் சரக்கும் இருக்கிறது. அந்தச் சரக்குக்கு ‘பழைய விலை’ என்று ஒன்று ஒரு நாளும் இருந்ததில்லை. உங்கள் சேலை இதில் எந்த வகை என்பதை அந்த ஸ்டிக்கர்களே ஓரளவு சொல்லும்.

இரண்டு ஸ்டிக்கர்களை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளதில் கடையின் பெயர் இருப்பது உங்களுக்குப் பெரிய வலு, ஏனென்றால் அது மொத்த வியாபாரி ஒட்டியது என்ற வாதம் அதோடு போய்விடுகிறது. ஆனாலும் கடை வேறு பதில் சொல்லக்கூடும்: முதலில் தவறாக ஒட்டிவிட்டோம், உடனே திருத்திவிட்டோம் என்றோ, நூல் விலை ஏறியதால் தள்ளுபடிக்குப் பல மாதம் முன்பே விலையை உயர்த்திவிட்டோம் என்றோ சொல்வார்கள். எனவே இரண்டு ஸ்டிக்கர் என்பது கடையைப் பதில் சொல்ல வைக்கும் சான்று; அதுவே தீர்ப்பாகிவிடாது. இரண்டிலும் பார்கோடுக்குக் கீழே ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணும் பில்லில் உள்ள சரக்கு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால், ஒரே சரக்கு இரண்டு விலையில் கடையின் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள். பல கடைகள் ஸ்டிக்கரின் ஓரத்தில், சரக்கு வந்த மாதத்தையும் கொள்முதல் விலையையும் எழுத்துக் குறியீடாக அச்சிடுவார்கள். அது உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். பின்னால் அதை விளக்க வேண்டியது கடையின் வேலையாகிவிடும்.

தயவுசெய்து அந்த ஸ்டிக்கரை இதற்குமேல் உரிக்காதீர்கள். இப்போது இருக்கும் நிலையிலேயே, சேலை முழுவதும் தெரியும்படி ஒரு படம், ஸ்டிக்கர் மட்டும் ஒரு படம், பில்லைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் என்று பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லை நகல் எடுத்து வையுங்கள். கடைகள் கொடுக்கும் வழவழப்பான பில் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், வெற்றுத் தாளை ஆணையத்தில் நீட்டிய கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. பில்லில் 3,200 ரூபாய், தள்ளுபடி 1,280 ரூபாய் என்று பிரித்துக் காட்டியிருக்கிறதா, வெறுமனே 1,920 ரூபாய் என்று மட்டும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பிரித்துக் காட்டியிருந்தால் தள்ளுபடி என்று சொன்னதற்குக் கடையின் கையெழுத்தே கிடைத்ததுபோல. இல்லையென்றால் ஸ்டிக்கரும் விளம்பரமும்தான் உங்களிடம் உள்ள ஆதாரம், அப்போது அவற்றின் மதிப்பு இரட்டிப்பாகிறது.

விளம்பரத்தைச் சேர்ப்பது அவசரமான வேலை. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு வழக்கு இருந்தது: வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் எல்லாத் துணிகளுக்கும் பாதி விலை என்று போட்டிருந்ததாகக் கட்சிக்காரர் சொன்னார், கடை அப்படி எழுதவே இல்லை என்றது. ஆவணி பிறந்ததும் ஃபிளெக்ஸை இறக்கிவிட்டார்கள், எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அந்த வழக்கில் தோற்றோம். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். எனவே நாளிதழ் விளம்பரம் என்றால் தேதியுள்ள முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள், ஃபிளெக்ஸ் என்றால் தெருவும் கடையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள், கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.

இதைவிட வலுவான ஆதாரம் ஒன்று இன்று எளிதாகக் கிடைக்கிறது. பெரும்பாலான ஜவுளிக் கடைகள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் சேலைகளை விரித்துக் காட்டி, சரக்கு எண்ணையும் விலையையும் சொல்லி வீடியோ போடுகின்றன. ஆடிக்கு முந்தைய வீடியோ ஒன்றில் உங்கள் சேலையின் ரகத்தையே 1,850 ரூபாய் என்று அவர்களே சொல்லியிருந்தால், தேதியோடு கிடைக்கும் அந்த ஒரு சான்றுக்குக் கடையிடம் பதில் இருக்காது. ஆடி முடிந்தபின் ஒரு நாள் அதே கடைக்குப் போய், அதே ரகம் இப்போது என்ன விலைக்கு விற்கிறது என்று பார்ப்பதும் பயனுள்ளது. ஆவணியிலும் 1,900 ரூபாய் அளவிலேயே விற்றால், ‘தள்ளுபடி விலை’ என்பதே அதன் வழக்கமான விலை என்று வாதாட வழி பிறக்கும். கைப்பேசிப் படங்களையும் வீடியோவையும் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழை இணைத்துவிடுவது நல்லது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பின்பற்றுவதில்லை என்றாலும், எதிர்த்தரப்பு அதை ஒரு குறையாகக் கிளப்ப இடம் கொடுக்க வேண்டாம்.

கடையின் கணக்கு கடையிடம்தானே இருக்கிறது, அதை நான் எப்படிப் பெறுவது என்று நினைப்பீர்கள். மாவட்ட ஆணையத்துக்கு ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. சட்டத்தின் 38ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி ஒவ்வொரு வணிகரும் தன் கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்களுக்குப் பாதுகாக்க வேண்டும். ஆகவே இந்தச் சரக்கு எண்ணுக்கு ஆடிக்கு முந்தைய மூன்று மாதங்களில் போட்ட பில்களைத் தாக்கல் செய்யுமாறு உத்தரவிட வேண்டும் என்று ஒரு மனுப் போடலாம், கணக்கு இல்லை என்று கடை சொல்ல முடியாது. என் அனுபவத்தில், வழக்கின் திசை மாறுவது இந்த மனுவில்தான். அதுவரை நோட்டீஸுக்குப் பதில்கூடப் போடாத கடைகள், இந்த மனுவின் நகலைப் பார்த்தபின் சமரசம் பேச வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொண்டுவர மறுத்தால், கொண்டுவந்தால் தனக்கு எதிராக இருக்கும் என்பதால்தான் மறைக்கிறார் என்று ஆணையம் கருத இடமுண்டு. ஆனால் எல்லா ஆணையங்களும் அப்படிக் கருதும் என்று சொல்ல முடியாது.

பில்லின் அடியில் இருக்கும் அந்த வரியைக் கண்டு தயங்க வேண்டாம். அதே சமயம் அதைப் பற்றி இணையத்தில் பரவும் தவறான நம்பிக்கை ஒன்றையும் திருத்த வேண்டும்: வாங்கிய எந்தப் பொருளையும் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் உரிமை கடையில் நேரில் வாங்கியவருக்கு இல்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலவரை குறிப்பிடாதபோது அதற்கு 30 நாள் என்றும் சொல்கிறது. உங்கள் சேலையில் கிழிசலோ சாயக் குறையோ இல்லை, ஆகவே நீங்கள் அந்த வழியில் போகக் கூடாது. விலையைப் பற்றிப் பொய் சொல்லி விற்றார்கள் என்பதே உங்கள் புகார், தான் சொன்ன பொய்யின் விளைவிலிருந்து தப்பிக்கக் கடை தன் பில்லிலேயே ஒரு வரி அச்சிட்டுக்கொள்ள முடியாது. புகார் மனுவில் ‘சேவைக் குறைபாடு’ என்று மட்டும் எழுதிவிட்டு இந்த முக்கியமான காரணத்தை எழுதாமல் விடுகிறவர்கள் பலர். ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்ற சொற்களும் 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவும் உங்கள் மனுவில் தவறாமல் இருக்கட்டும்.

விலை ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதே குற்றமில்லையா என்று பலரும் கேட்பதுண்டு. தயாரிப்பாளர் பொட்டலமிட்டு எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளானால், ஆம்; பொட்டலப் பொருள்கள் விதிகள் 2011இன்படி அச்சிட்ட விலையை அழிப்பதும் திருத்துவதும் கூடாது, குறைத்த விலைக்கு ஸ்டிக்கர் ஒட்டினாலும் அது பழைய விலையை மறைக்கக் கூடாது. அந்தப் புகாரை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு விசாரிக்கும். ஆனால் அலமாரியில் மடித்து அடுக்கி, கடையே ஸ்டிக்கர் ஒட்டும் சேலைக்கு அந்த விதி முழுமையாகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வழக்கை அதன்மேல் நிறுத்தமாட்டேன். இதோடு, பில்லில் 1,920 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. தனியே சேர்த்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா வரிகளும் உட்பட்ட எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, தள்ளுபடி போன விலையின்மேல், ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த வாட் வரியைத் தனியே வாங்கியதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. வரியின் பெயர் மாறிவிட்டாலும் அந்தத் தர்க்கம் மாறவில்லை.

நீங்கள் வாங்கிய கடையின் விளம்பரத்தில் ‘50 சதவீதம் வரை’ என்றும், ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ‘வரை’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டாலே தப்பிவிடலாம் என்று கடைகள் நினைக்கின்றன, ஓரளவு அது உண்மையும்கூட: 50 சதவீதம் குறைத்த சரக்கு ஓர் அலமாரியாவது இருந்தால் அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் தவறான விளம்பரங்கள்மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்பான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று அறிவித்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள், நட்சத்திரக் குறிக்கான நிபந்தனை வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அது முக்கியக் கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது, கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், தெளிவாகத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் விளம்பரங்களை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஆடி அதிரடி’ என்று தமிழில் முக்கால் பக்கத்துக்கு எழுதிவிட்டு, நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்வதுபோல் அடிவரியில் போடுகிறார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த உங்கள் அம்மாவைப் போன்றவருக்கு அது நிபந்தனையே இல்லாத விளம்பரம்தான். இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம், புகாரில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் இதே மத்திய ஆணையம் ராபிடோ நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் என்று பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, அது பணமாக வராமல் ‘50 வரையிலான’ நாணயப் புள்ளிகளாக வருவதைப் படிக்க முடியாத எழுத்தில் போட்டிருந்தது அதற்கு ஒரு காரணம்.

இனி எங்கே போவது என்பதைப் பார்ப்போம். முதலில் கடையின் உரிமையாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சூப்பர்வைசரிடம் பேசியது கணக்கில் வராது. வாங்கிய தேதி, பில் எண், இரண்டு ஸ்டிக்கர் விலைகள், நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு பக்கத்துக்குள், கோபச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் இருந்தால்தான் வழக்குப் போடலாம் என்று சட்டத்தில் இல்லை. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, கடைக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். என்றாலும் பெயரைக் காத்துக்கொள்ள நினைக்கும் பெரிய கடைகள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன.

விளம்பரமே தவறு, நாளை இன்னொருவரும் ஏமாறுவார் என்பது உங்கள் கவலையானால், சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுத்துமூலமோ மின்னஞ்சல் மூலமோ புகார் அனுப்பலாம். மத்திய ஆணையம் விளம்பரத்தை நிறுத்தவும் திருத்தவும் உத்தரவிட முடியும், முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கவும் முடியும். ஆனால் அது ஒரு வகை நுகர்வோர் அனைவருக்குமாகச் செயல்படும் அமைப்பு, உங்கள் ஒருவருக்கு நேர்ந்த இழப்பை விசாரித்து நட்ட ஈடு தரும் மன்றமன்று. மதுரைக் கடை ஒன்றின் புகாரை அது உடனே கையில் எடுக்கும் என்று எதிர்பார்க்கச் சொல்லமாட்டேன், அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரே கடைமீது பல புகார்கள் சேரும்போதுதான் அது ஒரு முறைகேடாகத் தெரியவரும். பொருளை வாங்காமல் விளம்பரத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட, பணம் கொடுத்து வாங்கியவராகவோ, வாங்கியவரின் ஒப்புதலோடு அதைப் பயன்படுத்துபவராகவோ இருக்க வேண்டும்.

அந்த மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் நீங்கள் கடைசியில் போக வேண்டியிருக்கும். இதற்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். சரக்குக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, புகாரும், சொல்வது உண்மை என்று உறுதிமொழியிட்டு எழுதித் தரும் நிரூபண வாக்குமூலமும், ஆவணங்களும் ஒழுங்காக இருந்தால் நீங்களே வாதாடலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் ஓர் ஆண்டாவது ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு இறங்குங்கள், ஆணையத்தில் தலைவர் பணியிடமோ உறுப்பினர் பணியிடமோ காலியாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். 1,920 ரூபாய்ச் சேலைக்கு ஐந்து லட்சம் நட்ட ஈடு கேட்கும் மனுக்களைப் பார்க்கிறேன். அது படிப்பவர் கண்ணில் உங்கள் உண்மையான புகாரையும் மிகையாகக் காட்டிவிடும். சேலையைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேளுங்கள். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றோடு, இந்த நடைமுறையைக் கைவிடவும் தவறான விளம்பரத்தின் விளைவைப் போக்கும் திருத்த விளம்பரம் ஒன்றைத் தன் செலவில் வெளியிடவும் கடைக்கு உத்தரவிட வேண்டும் என்று சேருங்கள். 39ஆம் பிரிவு ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. வென்றால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கலாம், அது உங்கள் நேரத்துக்கு ஈடாகாது. ஆனால் கடைக்காரர் பக்கம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், அவர்களுக்கு வலிப்பது அந்தச் சில ஆயிரம் அல்ல, திருத்த விளம்பரம் என்ற ஒற்றை வரிதான். சமரசத்துக்கு அவர்களை மேசைக்கு அழைத்து வருவதும் அதுவே.

வழக்குக்கு முன்போ நடுவிலோ இதை வீடியோவாகப் போட நினைத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு ஸ்டிக்கரையும் பில்லையும் காட்டி, நடந்ததை நடந்தபடி சொல்வதில் தவறில்லை. ‘திருட்டுக் கடை’, ‘மோசடிக் கும்பல்’ போன்ற சொற்களைச் சேர்த்தால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்கைக் கடை தொடுக்க வழி செய்து கொடுக்கிறீர்கள். பணம் தராவிட்டால் வீடியோ போடுவேன் என்று மட்டும் ஒருபோதும் எழுதவோ பேசவோ வேண்டாம்; உங்கள் நியாயமான புகாரை மிரட்டிப் பணம் பறிக்கும் முயற்சியாகத் திருப்பிவிட அந்த ஒரு குறுஞ்செய்தி போதும்.

அம்மா சேலையை உடுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சேலையைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கப் போகிறீர்கள் என்றால், கட்டு பிரியாமல், ஸ்டிக்கர் உள்ள அட்டையோடு பீரோவில் இருக்கட்டும். ஒருமுறை உடுத்தித் துவைத்த சேலையைக் கடை திரும்ப எடுக்க வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்பது கடினம். அம்மாவுக்குச் சேலை பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறார் என்றால், முழுப் பணத்தைக் கேட்காமல் நட்ட ஈடும் திருத்த விளம்பரமும் மட்டும் கேளுங்கள். அப்போது ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை மட்டும் பத்திரமாகப் பிரித்துப் பில்லோடு ஓர் உறையில் வைத்துவிட்டு, சேலையை அவர் தாராளமாக உடுத்திக்கொள்ளலாம்.